பின்பாதிப் பெட்டி

அக்டோபர் 27

இன்று ஒன்றுக்குப் போக ஆபரேட்டர் சவரிமுத்துவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். எனக்கு வயது நாற்பத்தேழு. சந்திரிகா டாக்கீஸின் மேனேஜர். தரை டிக்கெட்டில் எழுந்து ஆடுகிறவனைக் காலரைப் பிடித்து வெளியே தள்ளுகிற ஆள் என்று நடுவக்குளம் முழுக்கப் பெயர். தள்ளுவது கேட் கீப்பர்தான். நான் நாலடி பின்னால் நின்று, "தள்ளுடே, தள்ளு" என்று கை காட்டுவேன். பெயர் மட்டும் எனக்கு வந்துவிட்டது. அந்தப் பெயரோடு இன்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சவரி, போயிராதடே, அங்கயே நில்லு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, பாட்டுப் பாடட்டுமா? பயம் தெளியும்லா."

"வாய மூடிக்கிட்டு நில்லு."

மூடினான். இருட்டில் வாழையிலைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, பாடு" என்றேன்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். எழுதினால் பயம் குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவருக்குத் தியேட்டர் உத்தியோகம் இருந்திருக்காது.

டவுன் தியேட்டர்காரர்கள் ஒரு படத்துக்கு ஒரு பிரிண்ட் எடுப்பார்கள். நாங்களும் ஆலங்கரைத் தியேட்டரும் ஒரே பிரிண்டை எச்சில் பண்ணிச் சாப்பிடுகிறவர்கள். ஆலங்கரையில் மாலைக் காட்சி ஐந்தரைக்கு. எங்களுக்கு ஏழு தாண்டி. அங்கே இடைவேளை விட்டதும் முன்பாதி ரீல்களைத் தகரப் பெட்டியில் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டி இங்கே கொண்டுவர வேண்டும். நாங்கள் அதை ஓட்டி இடைவேளை விடுவதற்குள் பின்பாதிப் பெட்டி வந்து சேர வேண்டும். நடுவில் நாலு மைல் வாய்க்கால் ரோடு. மொத்தப் படமும் மறுநாள் காலை பஸ்ஸில் ஏறி ஆலங்கரைக்குத் திரும்பிவிடும்.

இந்தப் பெட்டி வேலையைப் பார்த்தவன் மாசானம். மழை, வெயில், தேர்தல் ஊர்வலம் எதற்கும் நிற்காதவன். போன வாரத்துக்கு முந்தின வாரம், வாய்க்கால் பாலத்தில் கரும்பு லாரி அடித்துப் போட்டுவிட்டது. பெட்டி வயலில் விழுந்தது. ரீல் ஒன்றுக்கும் சேதமில்லை. அவன் போய்விட்டான். அன்றைக்கு முன்பாதி வரக் கொஞ்சம் சுணக்கம். நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். எல்லா மேனேஜரும் போடுகிற சத்தம்தான். பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

இரண்டு நாள் காட்சி நிறுத்தினோம். மூன்றாம் நாள் ஆலங்கரையிலிருந்து பெட்டி வந்தது. ஆலங்கரை மேனேஜர் ஐயம்பெருமாள் புது ஆள் போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால் சம்பளத்தில் பாதியை என் தலையில் கட்டுவாரே என்று கேட்கவில்லை. அதே நல்லெண்ணத்தில் அவரும் கேட்கவில்லை.

இன்று மத்தியானம் அம்பாசமுத்திரத்தில் தீபாவளிப் படம் பேசப் போன இடத்தில் இருவரும் சந்தித்தோம்.

"புது ஆளு பரவாயில்ல வே. ஒரு நாள் தப்பல. எங்க புடிச்சீரு?" என்றேன்.

"நான் புடிச்சனா? உம்ம ஆளுன்னுல்லா நெனச்சிக்கிட்டிருக்கேன்."

"வெளையாடாதீரும் ஓய்."

"அம்மை சத்தியமா வே. நான் யாரையும் போடல. எங்க ஆபரேட்டரு பெட்டியப் பொறவாசப் படியில வைப்பான். திரும்பிப் பாத்தா பெட்டி இருக்காது. உம்ம ஆளு வேகமான ஆளுன்னு பெருமையா வேற பேசிக்கிட்டோம்."

காப்பி ஆறியது. இரண்டு பேரும் குடிக்கவில்லை. படமும் பேசவில்லை.


அக்டோபர் 28

பெட்டி கொண்டுவருகிறவனை இங்கேயும் யாரும் பார்ப்பதில்லை. ஆபரேட்டர் அறை மாடியில். அதன் பின்ஜன்னலுக்குக் கீழே, தியேட்டர் சுவருக்கும் வாழைத்தோப்புக்கும் நடுவில் ஒரு சந்து. கீழே வந்து சைக்கிள் மணியை அடிப்பான் மாசானம்: இரண்டு தடவை சுருக்கமாக, ஒரு தடவை இழுத்து. சவரி ஜன்னல் வழியாகக் கயிற்றை இறக்குவான். கொக்கியில் பெட்டி ஏறும், இழுத்துக்கொள்வான். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது எவன் எட்டிப் பார்ப்பான்? கயிறு கீழே போகும்போது கேன்டீன் மீரான் பாய் தருகிற சுண்டல் பொட்டலம் அதில் கட்டியிருக்கும். மாசானம் அதைத் தின்று நான் பார்த்ததில்லை. மடியில் கட்டிக்கொள்வான். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள்.

இப்போது வருகிறது எப்படி மணி அடிக்கிறது என்று சவரியிடம் கேட்டேன். "அதே மாதிரிதான் அண்ணாச்சி. ரெண்டு குட்டை, ஒரு நெட்டை."

"நீ ஏம்டே என்கிட்ட சொல்லல?"

"புது ஆளுக்கும் பழைய ஆளு சொல்லிக் குடுத்திருப்பான்னு நெனச்சேன்." சொன்ன பிறகுதான் பழைய ஆள் எங்கே இருக்கிறான் என்பது அவனுக்கு உறைத்தது. சிலுவை போட்டுக்கொண்டான்.

"சுண்டல் பொட்டலம்?"

"தெனமும் கட்டித்தான் எறக்குதேன். கயிறு மேல வரும்போது இருக்காது."

மீரான் பாய் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "பேய்க்கு என் சுண்டல் புடிச்சிருக்கே, அது போதும். நீங்க ஒரு நாளாச்சும் நல்லாருக்குன்னு சொல்லியிருக்கியளா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வந்தாலும் கொஞ்சம் பிந்தி வரச் சொல்லுங்க அண்ணாச்சி. இடைவேளை நீண்டாத்தான் எனக்கு முறுக்கு தீரும்" என்றார்.

இன்று மூன்று பேரும் ஜன்னலில் நின்று எட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. மணி அடித்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. சவரி கயிற்றை இறக்கிவிட்டு ரீல் மாற்ற ஓடினான். மீரான் பாய்க்கு முறுக்கு ஞாபகம் வந்துவிட்டது. நான் மட்டும் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.


அக்டோபர் 29

சனிக்கிழமை, சம்பள நாள். மாசானத்தின் வாரக்கூலியைச் சுண்டலோடு சேர்த்துக் கட்டி இறக்கச் சொன்னேன். பாக்கி வைத்தால் நேரில் கேட்க வந்துவிடுமே என்ற கவலைதான். எடுத்துக்கொண்டது.


அக்டோபர் 31

காலையில் மாசானத்தின் பெண்டாட்டி பேச்சியம்மாள் ஆபீஸுக்கு வந்தாள். நான் நாற்காலியில் சரியாக உட்கார்ந்துகொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

"ஏதாச்சும் ஒரு வேல குடுங்க அண்ணாச்சி. கூட்டிப் பெருக்குதது, கக்கூசு கழுவுதது, எதுன்னாலும் சரி."

"பெருக்க ஆள் இருக்கே பேச்சி."

"எங்க கொழுந்தன் செங்கச் சூளைக்குக் கூட்டிட்டுப் போறேங்காரு. தீபாவளி கழிஞ்சதும் பொறப்படணுமாம். பிள்ளையளப் பள்ளிக்கொடத்துலருந்து நிப்பாட்டச் சொல்லுதாரு. ரெண்டுக்கும் சேத்து முன்பணம் வாங்கிட்டாரு போல." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பெரியவ அஞ்சாங்கிளாசு. நல்லாப் படிக்கா."

முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மேனேஜர்கள் இல்லை என்று சொல்வதற்கு வைத்திருக்கிற வாசகம் அது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கும்பிட்டுவிட்டுப் போனாள். போகிற வழியில் ஆபீஸ் ஓரத்தில் சாத்தியிருந்த கேட் கீப்பரின் சைக்கிளைத் தொட்டுப் பார்த்தாள். மாசானம் அவளுக்குச் சைக்கிள் பழக்கிய கதை ஊருக்கே தெரியும். வறண்ட குளத்துக்குள் பட்டப்பகலில் பெண்டாட்டியை ஏற்றிவிட்டுப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவான். அன்று குளக்கரையில் நின்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். முதல் வரிசை.


நவம்பர் 1

துக்கம் விசாரிக்க என்று சொல்லிக்கொண்டு காலையிலேயே பேச்சி வீட்டுக்குப் போனேன். சாக்குதான். சைக்கிளைத் தொட்ட அந்தக் கை ராத்திரி முழுக்கத் தூங்க விடவில்லை.

கீழத்தெருவில் ஓட்டு வீடு. கொடியில் மாசானத்தின் காக்கிச் சட்டை. நனைத்துப் பிழிந்து போட்டது, சொட்டிக்கொண்டிருந்தது. செத்து இத்தனை நாளான மனிதனின் சட்டை எதற்கு அழுக்காகிறது? கூரை இறவாணத்துக்குக் கீழே அவன் சைக்கிள் நின்றது. லாரி நெளித்ததைக் கொழுந்தன் நிமிர்த்திக் கொண்டுவந்து போட்டானாம். மேலே ஒரு சாக்கு. குனிந்து செருப்பைச் சரி செய்கிற மாதிரி பார்த்தேன். டயரில் சேறு. தொட்டேன். ஈரம்.

பெரியவள் முத்துக்கிளி வாசலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். பொட்டலம் எங்கள் தியேட்டர் நோட்டீஸ். அந்த நோட்டீஸில் பொட்டலம் கட்டுவது உலகத்தில் மீரான் பாய் ஒருவர்தான். வேண்டாம் என்று பல தடவை சொல்லிவிட்டேன்.

"ஏது பிள்ள சுண்டல்?"

குழந்தை அம்மாவைப் பார்த்தது. பேச்சி என்னைப் பார்த்து, "குடுத்தவுகளே கேக்கிய" என்றாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புருஷனின் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, புருஷனின் சைக்கிளில், புருஷனைக் கொன்ற பாலத்தைத் தாண்டி தினமும் போய் வருகிறாள். பெண்பிள்ளை என்று தெரிந்தால் ஒருவரும் வேலை தரமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். கேட்காமலே எடுத்துக்கொண்டாள். ரெண்டு குட்டை ஒரு நெட்டை அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

பேய் இல்லை என்று தெரிந்ததும் எவ்வளவு நிம்மதி! திரும்பி வரும்போது தனியாகவே சந்துக்குள் போய் ஒன்றுக்குப் போனேன். பாட்டுப் பாடிக்கொண்டேதான். அது பழக்க தோஷம்.


நவம்பர் 2

இதை யாரிடமும் சொல்லக் கூடாது. எழுதுவது சுலபம். என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். தபால்காரர் மகள் நிச்சயதார்த்தம் நின்றுபோனது தபால்காரருக்கே என் மூலமாகத்தான் தெரியவந்தது.

ஆகவே வேறொரு வழி கண்டுபிடித்தேன். வாய் சும்மா இராது என்றால் அதற்கு வேலை கொடுத்துவிட வேண்டும். காலையில் டீக்கடையில், "மாசானம் வாரான் வே" என்று ஆரம்பித்தேன். கால் தரையில் படாமல் சைக்கிள் மிதிக்கிறான் என்றேன். (சைக்கிள் மிதிக்கும்போது யாருக்குத்தான் கால் தரையில் படும்? ஒருவனும் கேட்கவில்லை.) வாழைத்தோப்பில் காக்கித் துணி தெரிந்தால் முகத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் வாய் கோணிவிடும் என்றேன். மத்தியானத்துக்குள் கதை முடிவெட்டுகிற கடை, நியாய விலைக் கடை, சார்பதிவாளர் ஆபீஸ் எல்லாம் போய்விட்டு என்னிடமே திரும்பி வந்தது. வரும்போது மாசானத்துக்குக் கோரைப்பல் முளைத்திருந்தது.

இனி இருட்டினால் வாய்க்கால் ரோட்டில் ஒருவனும் நடமாட மாட்டான். பேச்சி நிம்மதியாக வந்து போகலாம். நாற்பத்தேழு வருஷத்தில் என் வாயால் ஒரு ஜீவனுக்கு நடந்த முதல் நன்மை.

சவரியிடம் மட்டும் உண்மையைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. பயத்தில் அவன் கயிறு இழுக்கிற வேகம் கூடியிருக்கிறது.


நவம்பர் 3

முதலாளி திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கிவிட்டார். கதை அவர் வீட்டு அடுக்களை வரைக்கும் போயிருக்கிறது.

"ஏ குத்தாலம், என்னடே இது? நம்ம தியேட்டர்ல பேயி சம்பளத்துக்கு இருக்காம்லா?"

"ஆமா முதலாளி."

"பொம்பளையள் படம் பாக்க வருவாளுகளா இனிமே? அந்தப் பெட்டி வேலைய என் டிரைவர் தம்பிகிட்ட விட்டுரு. மோட்டார் பைக்கு வச்சிருக்கான்."

என் கண்ணில் பேச்சி சூளைக்கு லாரி ஏறுகிற காட்சி தெரிந்தது. பெரியவள் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"மாத்திப் போடலாம் முதலாளி. ஆனா அவன் வேலைய இன்னொருத்தன் எடுத்தா மாசானம் அந்த ஆளோட நிக்க மாட்டான். வேலை குடுத்தவுக வீட்டுக்குத்தான் வருவான்."

"யாரு சொன்னா?"

"கீழத்தெரு கோமரத்தாடி." சாமியாடிக் குறி சொல்கிற கோமரத்தாடி அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் ஒரு மாதமாகக் காது வலியில் பேசுவதே இல்லை.

முதலாளி திருநீறு டப்பியைத் திறந்து பூசிக்கொண்டார். "டிரைவர் தம்பிக்கு வேற வேல பாத்துக்கிடலாம். இதுக்குச் சம்பளம் எப்படிக் குடுக்கிய?"

"கயித்துல கட்டி எறக்கிருதோம்."

"எடுத்துக்கிடுதா?"

"எடுத்துக்கிடுது."

"தீபாவளி போனசு கேக்காம இருந்தாச் சரி" என்றார். அவர் சிரிக்கவில்லை. காரில் ஏறுவதற்கு முன் வாழைத்தோப்புப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். நானும் போட்டேன். எனக்கு மட்டும் அது வேறொருவருக்கான கும்பிடு.

பெண்கள் வரமாட்டார்கள் என்றாரே, இன்று பெண்கள் பக்கம் இடமில்லை. படத்தை ஒருத்தியும் பார்க்கவில்லை. இடைவேளையில் மணிச் சத்தம் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேட்டதும் ஒரு பெருமூச்சு. எங்கள் தியேட்டரில் எந்தப் படத்துக்கும் அப்படி ஒரு அமைதி விழுந்ததில்லை.


நவம்பர் 4

தீபாவளி. எங்களுக்குப் புதுப்படம் கிடையாது. புதுப்படம் எங்கள் ஊருக்கு நடந்து வந்து சேர அடுத்த தீபாவளி ஆகும். பழைய படம்தான், கலர். அதற்கே ஹவுஸ்புல் போர்டைத் தூசி தட்டி வைத்தோம்.

மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. முன்பாதிப் பெட்டி எப்படியோ வந்துவிட்டது. சவரி இழுத்தபோது பெட்டியிலிருந்து தண்ணீர் கொட்டியது. படம் ஆரம்பித்தோம். தகரக் கூரையில் விழுகிற மழையில் ஒரு வசனமும் கேட்கவில்லை. ஜனங்கள் தாங்களாகவே வசனம் பேசிக்கொண்டார்கள். சில இடங்களில் அசலைவிட நன்றாக இருந்தது.

இடைவேளை விட்டோம். பெட்டி வரவில்லை.

விளம்பர சிலைடுகள் எல்லாம் ஓடி முடிந்தன. மறுபடியும் ஓட்டினோம். பல்பொடி விளம்பரத்துக்கு ஊளை. மீரான் பாய் முதலில் குஷியாக இருந்தார், பிறகு முறுக்குத் தட்டுக் காலியாகிவிட்டது, பிறகு அவரும் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ரோட்டுல முழங்காலுக்கு மேல தண்ணியாம் அண்ணாச்சி. பஸ்ஸ நிப்பாட்டிட்டானுவளாம். பாலம் முங்கிட்டுன்னு சொல்லுதாவ."

தரை டிக்கெட் முழுவதும் காலால் தரையை உதைக்க ஆரம்பித்தது. "மேனேசரு! பெட்டி எங்கவே!" முன் வரிசையிலிருந்து ஒருவன், "மாசானம் நனைஞ்சிட்டான், துணி மாத்திட்டு வாரான்" என்றான். கொட்டகை சிரித்தது. வழக்கமாக நான்தான் அந்த மாதிரி ஜோக் அடிப்பேன்.

எனக்கு உட்கார முடியவில்லை. அந்தப் பாலம். அந்தத் தண்ணீர். அன்றைக்கு நான் மாசானத்திடம், "பின்பாதிக்கும் இப்படிப் பிந்தினா நாளையிலருந்து வராத, பறந்து வாடே" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அதை எதற்கு இங்கே எழுதுகிறேன்? மழைச் சத்தத்தில் என்னென்னவோ ஞாபகம் வருகிறது.

குடையை எடுத்துக்கொண்டு பின்சந்துக்குப் போனேன். தனியாக. சவரி ஜன்னலிலிருந்து, "அண்ணாச்சி, வேண்டாம், மேல வாங்க, முகத்தப் பாத்தா வாய் கோணிரும்!" என்று கத்தினான். நான் கிளப்பிவிட்ட கதையை என்னிடமே சொல்கிறான். குடை ஒரு காற்றில் பூவாக விரிந்து தோப்புக்குள் போய்விட்டது. சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். முழுக்க நனைந்துவிட்டேன். பேச்சி வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். பெட்டியும் வேண்டாம், படமும் வேண்டாம், டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வீட்டில் பிள்ளைகளோடு இருந்தால் போதும்.

மணி அடித்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

மழைத் தண்ணீர் கண்ணுக்குள். கயிறு என் தோளை உரசிக்கொண்டு இறங்கியது. துடைத்துக்கொண்டு பார்த்தபோது பெட்டி என் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. சந்து முனையில் சைக்கிளின் டைனமோ விளக்கு, சின்னதாக, மஞ்சளாக. காக்கிச் சட்டையின் முதுகு. அவ்வளவுதான் தெரிந்தது.

"பேச்சி! நில்லும்மா!"

நிற்கவில்லை.

"தண்ணி வடியட்டும், இங்க இருந்துட்டுப் போ! யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்!"

விளக்கு போய்க்கொண்டே இருந்தது. தொண்டை கிழியக் கத்தினேன். "சரி, மெதுவாப் போ! அவசரமே இல்ல, கேக்கா? மெதுவாப் போ!"

விளக்கு நின்றது. மிதிப்பதை நிறுத்தினால் டைனமோ விளக்கு அணைந்துவிட வேண்டும். அணையவில்லை. பிறகு ரொம்ப மெதுவாக, நடந்து போகிற வேகத்தில், பாலத்துப் பக்கம் போனது.

உள்ளே படம் ஆரம்பித்துவிட்டது. கைதட்டலில் கூரை அதிர்ந்தது. நான் ஆபீஸில் வந்து துண்டால் தலையைத் துவட்டினேன். முகம் துடைக்கத் துடைக்க ஈரமாகவே இருந்தது. துண்டு நனைந்துவிட்டது, அதனால்.


நவம்பர் 5

காய்ச்சல். சவரி கஞ்சி கொண்டுவந்தான். வாய் கோணியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போனான்.


நவம்பர் 7

வாய்க்கால் ரோட்டைத் தண்ணீர் அறுத்துவிட்டது. ஒரு வாரத்துக்குக் காட்சி இல்லை. போஸ்ட் ஆபீஸிலிருந்து முதலாளிக்கு டிரங்க் கால் போட்டேன். காய்ச்சல் வேகத்தில் தைரியம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேயும் இல்லை, கோமரத்தாடியும் சொல்லவில்லை, ஒரு பொம்பளை புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு தியேட்டரைக் காப்பாற்றியிருக்கிறாள், தீபாவளி வசூல் அவள் கொண்டுவந்தது, அவளைச் சூளைக்கு விட்டால் நானும் வேலையை விட்டுவிடுவேன் என்றேன்.

அந்தப் பக்கம் திருநீறு டப்பி திறக்கிற சத்தம்.

"ஏ குத்தாலம், அப்போ நான் அன்னிக்குக் கும்பிட்டது அந்தப் பிள்ளையவா?"

"ஆமா முதலாளி."

"தப்பில்ல. வேலைய அவ பேருக்கே போட்டுரு."

மறுத்துவிடுவார் என்று ராஜினாமாவை மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். நல்ல நடை. வீணாகிவிட்டது.

சாயங்காலம் தலை வாரிக்கொண்டு (வாருவதற்கு இருப்பதை வாரிக்கொண்டு) கீழத்தெருவுக்குப் போனேன். பேச்சி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேலே அந்தக் காக்கிச் சட்டை. நடவுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தாளாம்; வயலில் குனிந்து நட்டால் முதுகு சுடுகிறது, அதனால் அவர் சட்டையைத் தினமும் போட்டுக்கொண்டு போகிறாளாம். தலையை ஆட்டிக்கொண்டேன். கெட்டிக்காரி, பதில் எல்லாம் தயாராக வைத்திருக்கிறாள்.

"கொழுந்தன் நாளைக்கு வாராரு அண்ணாச்சி. மூட்டை கட்டச் சொல்லிட்டாரு." முறத்தைக் கீழே வைத்தாள். "போறதுக்கு முந்தி உங்களப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேன். தெனம் ராத்திரி வாசப்படியில சுண்டல வச்சிட்டுப் போறியளே, சனிக்கிழமை கூலியையும் வச்சிட்டு... இந்தக் காலத்துல யாரு செய்வா? ராத்திரி நாங்க கதவத் தொறக்க மாட்டோம். காலையில பிள்ளையதான் எடுத்துட்டு வரும். ஒரு நா ரெண்டு நா இல்ல, மழையிலயும் வந்து வச்சிட்டுப் போயிருக்கிய. பொட்டலம் நனையாம, அவுக வைக்க மாதிரியே, நிலைப்படிக்கு உள்பக்கமா."

எவ்வளவு நேர்த்தியான நடிப்பு! எங்கள் வெள்ளித்திரையில் இதைப் பார்த்ததில்லை. நானும் விட்டுக்கொடுக்காமல், "அதெல்லாம் இருக்கட்டும். நீ எங்கயும் போக வேண்டாம். பெட்டி கொண்டார வேல இனிமே உன் பேருலதான். முதலாளியே சொல்லிட்டாரு. ஒளிச்சு மறைச்சுப் பண்ண வேண்டாம்" என்று சொல்லிக் கண்ணடித்தேன். எனக்குக் கண்ணடிக்க வராது. இரண்டு கண்ணும் மூடிவிடும்.

அவள் புரியாமல் பார்த்தாள். "பெட்டி எத்தன மணிக்கு வரும் அண்ணாச்சி?"

"ஏய், என்கிட்டயேவா? ஏழு மணிக்கு ஒண்ணு, எட்டரைக்கு ஒண்ணு."

அவள் முகம் விழுந்துவிட்டது. "இருங்க, காப்பி போடுதேன்" என்று எழுந்தாள். தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. உள்ளே பெரியவள் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். பேச்சி இரண்டு கையையும் முன்னால் நீட்டிச் சுவரைத் தடவினாள். முறத்தில் கால் பட்டு அரிசி சிதறியது. நிலைப்படியைக் கால் விரலால் தேடினாள். முத்துக்கிளி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

"அம்மைக்கு மாலக்கண்ணு மாமா" என்றது என்னைப் பார்த்து. "வெளக்கு வச்சிட்டா ஒண்ணும் தெரியாது. சின்னப்பிள்ளையிலருந்தே."